சித்திரை வெயிலில் ஸ்வெட்டர்

என் சமையலறை நாட்காட்டியின் மார்ச் மாதத் தாளை இன்னும் கிழித்துப் போடவில்லை. லெந்து எனும் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்குரிய கட்டத்தில், சிலிண்டர் மாற்றிய குறிப்புக்குக் கீழே, என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “மாலை ஜெபம். பறவைகள். நாங்கள் பனிமலைக்குப் போகிறோமாம். இரவு உப்புமா.”

எங்கள் குடும்பம் எங்கே போகிறது என்பதை அன்று மாலைதான், மற்ற எல்லோரோடும் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நானும் தெரிந்துகொண்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது எங்கள் பயிற்சி மையம். வட மாநிலங்களுக்கு மிஷனெரிகளாகப் போகவிருக்கும் குடும்பங்கள் ஒரு வருடம் அங்கே தங்கிப் படிப்பார்கள். என் கணவர் கல்பாக்கத்தில் மின்பராமரிப்பு வேலையில் இருந்தார். நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வேலையையும் விட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பு முடித்திருந்த மகளோடும் ஒரு கிரைண்டரோடும் ஜூன் மாதம் போய் இறங்கினோம். கிரைண்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எளிய வாழ்க்கையும் பயிற்சியில் ஒரு பாடமாம். பதிலுக்கு ஒரு அம்மிக்கல் தந்தார்கள். என் கணவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல விஷயம்தான்” என்றார். அரைக்கப்போவது அவர் இல்லை.

விடியுமுன் மணி அடிக்கும். சிற்றாலயத்தில் காலைத் தியானம், பிறகு வகுப்புகள். மகளும் மற்றப் பிள்ளைகளும் வேனில் திருக்கழுக்குன்றம் பள்ளிக்குப் போய்விடுவார்கள். மதியச் சாப்பாடு பொதுச் சமையலறையில். காய் நறுக்கும் முறை எல்லோருக்கும் வரும்; முதல்வர் ஐயாவும் தப்ப முடியாது. இரவுச் சமையல் மட்டும் அவரவர் வீட்டில். புதன்கிழமைகளில் அதையும் விறகடுப்பில்தான் செய்ய வேண்டும். கடற்காற்று சவுக்கு ஊசிகளைக் கொண்டுவந்து எல்லார் சோற்றிலும் கொஞ்சம் போடும். அதற்கு யாரும் குறை சொல்வதில்லை. குறை சொல்லாதிருப்பதும் ஒரு பாடம்.

ஆனால் மனிதர்கள் இருக்கும் இடத்தில் குறை இல்லாமல் போகுமா? அதற்கு அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவரிடம் நேரில் சொல்ல முடியாததை, அவர் பக்கத்தில் இருக்கும்போது ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். யாரும் திட்டமிட்டுத் தொடங்கியதல்ல. சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து ஜெபித்து, தானாகவே அமைந்துவிட்ட பழக்கம். பக்கத்து வீட்டு சிஸ்டர் ஒரு காலையில், “ஆண்டவரே, குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோகிற எங்கள் சகோதரருக்கு நல்ல ஞாபக சக்தியைத் தாரும்” என்று உருகி வேண்டினார். அன்றிலிருந்து என் கணவர் குழாயை மூடினார். நான் சொல்லி நடக்காத காரியம் அது.

நானும் இதற்கு விலக்கல்ல. பொதுச் சமையலறை ரசத்தில் புளி அதிகம் என்பதை இரண்டு முறை பரலோகத்துக்குத் தெரிவித்திருக்கிறேன். மகள் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். வீட்டு ஜெபத்தில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, “ஆண்டவரே, நாளைக்காவது அம்மா கோவைக்காய் செய்யாம இருக்க கிருபை தாரும்” என்றாள். என் கணவர் மிகுந்த விசுவாசத்தோடு ஆமென் சொன்னார்.

பயிற்சி முடியும்போது எந்தக் குடும்பம் எந்தப் பணித்தளத்துக்குப் போகும் என்பதும் ஏறக்குறைய இந்த வழியில்தான் முடிவானது. எனக்கு இந்த ஊர் வேண்டும் என்று கேட்பது சுயசித்தமாகக் கருதப்பட்டது. அதனால் யாரும் கேட்பதில்லை. யாருக்கு எந்த இடத்தின்மேல் பாரம், அதாவது மனதை விடாமல் அழுத்தும் அக்கறை, இருக்கிறதோ அது ஜெபத்தில் தானாக வெளியே வரும். வெள்ளிக்கிழமை மாலைப் பொது ஜெபத்தில் பணித்தளக் குழுவின் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காதைத் திறந்து வைத்திருப்பார்கள்.

எனக்கு ஒடிசாவின் மலைப்பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் பாரம். விடுமுறையில் அங்கிருந்து வந்திருந்த ஒரு அக்கா, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை என்று சொன்னதிலிருந்து அந்த நினைப்பு என்னை விடவில்லை. அவரிடமே ஒடியா கற்கத் தொடங்கினேன். அவர் திரும்பிப்போன பிறகு தொலைபேசியில் தொடர்ந்தேன். தட்டில் வைத்தால் ஜிலேபி என்று எடுத்துத் தின்றுவிடக்கூடிய எழுத்துகள். கிறிஸ்துமஸுக்குள் கூட்டல் கழித்தல் சொல்லித்தருமளவுக்கு வந்துவிட்டேன். மகள் எனக்கு முன்னால் ஓடினாள். என் கணவர் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டு, அதோடு தாகம் தணிந்தவர்போல் நின்றுவிட்டார்.

இந்தப் பாரத்தை நான் செவ்வாய் தவறாமல் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் சொல்லிவந்தேன். முதல்வர் ஐயாவின் மனைவி, எல்லாருக்கும் அம்மா, கண்ணீரோடு ஆமென் சொல்வார். ஆனால் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். செவ்வாய்க் கூட்டத்தில் நாங்கள் சொன்னது ஆண்டவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்; குழுவுக்குச் சேரவில்லை. அதனால் வெள்ளி ஜெபத்தில் என் கணவர் எங்கள் இருவர் சார்பிலும் சொல்வது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

இனி பறவைகளுக்கு வருகிறேன். ஜனவரியில் எங்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பறவைகள் தூர தேசங்களிலிருந்து வருவதைப் பற்றி அங்கே யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பைனாகுலரை மகளிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கண் கலங்கினார். அந்தக் கலக்கம் மார்ச் வரை தங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த வெள்ளியன்று அவர் எழுந்து நின்றார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஒடிசா வரப்போகிறது என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அப்போதுதான் பறவைகள் வந்து இறங்கின. “ஆண்டவரே, பனிதேசத்துப் பறவைகள் எங்களைத் தேடி எங்கள் ஏரிக்கு வருகின்றனவே! நாங்கள் ஒருமுறை அந்தப் பனிதேசத்துக்குப் போகமாட்டோமா? இதோ, உமது ஊழியக்காரன் இருக்கிறேன். என் மனைவியும் என் பிள்ளையும் இருக்கிறார்கள். உறைபனியானாலும் அனுப்பும்!”

சிற்றாலயமே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் விம்மினார். மகள் என் காதில், “நாம ஒடிசாதானே போறோம்?” என்றாள்.

அன்று இரவு உப்புமா கிளறிக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

“என்னங்க ஜெபிச்சீங்க?”

“ஆவியில நெறைஞ்சு வந்துச்சு.”

“ஒடிசாவுக்கு நெறையாதா?”

“அதுவும் வாய் வரைக்கும் வந்துச்சு. பறவை முந்திக்கிச்சு.”

“சரி, அடுத்த வாரம் மாத்திச் சொல்லிடுங்க.”

“ஆண்டவர்கிட்ட சொன்னத எப்படி வாபஸ் வாங்குறது?”

“ஆண்டவருக்கு உங்களைத் தெரியும். குழுவுக்குத்தான் தெரியாது.”

அதற்கு அவர் இன்னும் கொஞ்சம் உப்புமா கேட்டார்.

திங்கட்கிழமையே முதல் ஸ்வெட்டர் வந்தது. ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டு, எங்கள் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார்கள். கொடுத்தவர் பெயர் இல்லை. அங்கே தானம் அப்படித்தான். பிறகு ஒரு மப்ளர். கையுறைகள். குழந்தைக்கு ஒரு சிவப்புக் குரங்குக் குல்லா. அம்மா தாமே நேரில் வந்து, வடக்கே ஊழியம் செய்த காலத்தில் தாம் போட்டிருந்த கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். அதிலிருந்து கிளம்பிய அந்துருண்டை வாசனையில் எங்கள் வீட்டுப் பல்லி இடம் மாறிவிட்டது.

“அம்மா, நான் செவ்வாய்க் கூட்டத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்மா. ஆனா புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் ஆண்டவர் ஒரே பாரம்தானே கொடுப்பார். இப்ப பனிக்குத் திருப்பியிருக்கார்போல” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் துளியும் சூது இல்லை. கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த வெள்ளி என் கணவர் சரிசெய்யப் பார்த்தார். வாக்கை மீறாமலும் என்னைக் கைவிடாமலும் ஒரு வழி கண்டுபிடித்து, “பனியானாலும், கொளுத்தும் வெயிலானாலும், ஆண்டவரே” என்றார். மறுநாள் ஜன்னல் கம்பியில் ஸ்வெட்டரோடு ஒரு தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் தொங்கின. இமயமலையோ ராஜஸ்தானோ, இரண்டில் ஒன்று எங்களுக்கு உறுதி என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வெள்ளி நானே எழுந்தேன். பெண்கள் பொது ஜெபத்தில் ஜெபிக்கக்கூடாது என்றில்லை, ஜெபிப்பதில்லை, அவ்வளவுதான். “ஆண்டவரே, எங்கள் நாவில் நீர் வைத்த ஒரு புதிய மொழிக்காக” என்று தொடங்கி, அடுத்த சொல்லை எடுப்பதற்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். முடித்துவிட்டேன் என்று நினைத்த தபேலாக்காரச் சகோதரர் பாட்டைத் தொடங்கிவிட்டார். புதிய மொழி என்றால் இந்திதான் என்று குழுவில் எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

இதெல்லாம் சிரிப்பாக எழுத இப்போது முடிகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனிமலைப் பணித்தளத்தில் அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. என் கணவருக்கு ஊர் ஊராகப் போகும் வேலை இருக்கும். எனக்கு ‘ஊழியரின் மனைவி’ என்ற பெயர் இருக்கும். வருபவர்களுக்கு டீ போடலாம். மாதக்கணக்கில் கற்ற மொழி, கணக்குச் சொல்லித்தருவதற்காக நான் அட்டையில் வெட்டி வைத்திருந்த வட்டங்கள், முக்கோணங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தன. மேலே ஸ்வெட்டர்கள். மே முதல் ஞாயிற்றுக்கிழமை பணித்தளங்களை அறிவித்துவிடுவார்கள். அறிவித்த பிறகு மாற்றுவது வழக்கமில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, அந்துருண்டை வாசனை போகட்டும் என்று ஸ்வெட்டர்களையெல்லாம் கொடியில் போட்டிருந்தேன். நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மொபெட்டில் வரும் மீன்கார அக்கா வண்டியை நிறுத்தினார். வளாகத்தில் ஆணும் பெண்ணும் எல்லாருமே அவருக்கு ‘சிஸ்டரு’தான், முதல்வர் ஐயா மட்டும் ‘பெரியவரு’.

“இன்னா சிஸ்டரு, வெயிலு மண்டைய பொளக்குது, நீ சொட்டரு கடை போட்டுகினு கீற?”

“ஊருக்குப் போகணும்க்கா. பனி விழற ஊரு.”

“யாரு போகச் சொன்னது?”

“இன்னும் யாரும் சொல்லலை. எங்க வீட்டுக்காரர் ஜெபம் பண்ணிட்டார்.”

அவர் கூடையிலிருந்த ஐஸைக் கையால் தள்ளிக்கொண்டே யோசித்தார். “சாமியாண்ட சொன்னாரு, சரி. உன்னாண்ட சொன்னாரா?”

“இல்லை.”

“உனுக்கு எங்க போவணும்?”

சொன்னேன். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொன்னேன். வளாகத்தில் அதுவரை யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது பதில் சொல்லும்போதுதான் உறைத்தது.

“அப்போ பெரியவரு வூட்டாண்ட போயி கேளேன். அதோ கீது வூடு.”

“அப்படி நேரா கேட்கறது வழக்கமில்லக்கா.”

“இன்னாத்துக்கு வழக்கம்? நான் இப்ப அங்கதான் போறேன். சங்கரா மீனு வேணும்னு சொல்லிகினு இருந்தாரு. நானே கேட்டுடறேன், வுடு.”

மொபெட்டை உதைக்கப் போனார். இவர் கேட்டால் அந்தக் குரல் சவுக்குத் தோப்பைத் தாண்டி, பிள்ளைகளின் பள்ளி வேன் வரைக்கும் கேட்கும். “வேணாங்க்கா, நானே போறேன்” என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கு வழியாக ஓடினேன்.

அன்று காய் நறுக்கும் முறை முதல்வர் ஐயாவுக்கு. வராந்தாவில் கொத்தவரங்காய்க் குவியலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

“ஐயா, எங்களைப் பனிமலைக்கா அனுப்பப் போறீங்க?”

கத்தி பாதிக் கொத்தவரங்காயில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். காயைப் பார்த்தார். பிறகு, “ஜெபிக்கலாமா சிஸ்டர்?” என்று கண்ணை மூடிவிட்டார்.

நேராகக் கேட்ட கேள்விக்கும் மேல்வழியாகத்தான் பதில் வரும்போலிருக்கிறது என்று நானும் கண்ணை மூடினேன்.

“ஆண்டவரே, உம்முடைய அடியாள் கேட்டதை நீர் கேட்டீர். நானும் கேட்டேன். இந்தக் காரியத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பாரமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவேளை நாங்கள் ஒருவரை மட்டுமே கேட்டோமோ என்னவோ, நீர் அறிவீர்...”

வாசல் கேட் அருகே மொபெட் வந்து நின்றது. “பெரியவரே, சங்கரா சொன்னியே, எவ்ளோ வோணும்?”

ஐயா கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தையும் நிறுத்தவில்லை. “எங்களுக்கு ஞானத்தைத் தாரும்” என்று சொல்லிக்கொண்டே இடது கையில் ஒரு விரலை நீட்டி, அதைப் பாதியாக மடித்தார்.

“அரைக் கிலோவா? ரைட்டு. கிளீன் பண்ணியே குடுக்கறேன்.”

ஐயா ஆமென் சொல்லாமல் நிறுத்தினார். நான் தொடர வேண்டும் என்று அர்த்தம். சொல்லப்போவதைத் தயார் செய்துகொண்டு நான் வரவில்லை. கண்ணைத் திறந்திருந்தால், அவர் எதிரில், அந்த வயதுக்கும் அனுபவத்துக்கும் முன்னால், கொத்தவரங்காயைப் பற்றி ஏதாவது பேசிவிட்டுத் திரும்பியிருப்பேன். மூடியிருந்ததால் வந்துவிட்டது.

“ஆண்டவரே, ஒடிசாவுல எனக்கு வேலை இருக்கு. பனிமலையில எனக்குப் பேரு மட்டும்தான் இருக்கு. எனக்கு வேலை வேணும். அவர் நல்லவர்தான். ஆனா அன்னைக்கு அவர் ஜெபிச்சது எனக்காக இல்லை, பறவைக்காக.”

வீட்டுக்குள்ளிருந்து, கதவுக்குப் பின்னால், ‘ஆமென்’ என்று அம்மாவின் குரல் கேட்டது. ஐயாவின் ஆமென் அதற்குப் பிறகுதான் வந்தது. பிறகு கண்ணைத் திறந்து, “கொத்தவரங்காய் கொஞ்சம் முத்தல் இல்ல?” என்றார். ஆமாம் என்று சொல்லி, மீதியை அவரோடு உட்கார்ந்து நறுக்கிக் கொடுத்தேன். பணித்தளத்தைப் பற்றி அதன்பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன்கார அக்கா மட்டும் போகும்போது என்னைப் பார்த்து, ‘இன்னா ஆச்சு’ என்று புருவத்தை உயர்த்தினார். நான் மேலே கையைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். கடைசி வாக்கியத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

“பறவைக்காகன்னா சொன்ன?”

“ஆமா.”

“ஐயா சிரிச்சாரா?”

“கண்ணை மூடியிருந்தேன். தெரியலை.”

அன்று மாலை டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த அட்டை வட்டங்களை அவரே எடுத்து மேலே வைத்தார். ஒடியாவில் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன்.

மே முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் ஐயா எழுந்து ஒவ்வொரு குடும்பமாக வாசித்தார். எங்களுக்கு ஒடிசா மலைப்பகுதி. என் கணவருக்குக் கிராம ஊழியம். “சிஸ்டர், பள்ளிக்கூடம்” என்று தனியாக ஒரு வரி. அதுவரை மனைவியருக்கென்று தனி வரி வாசித்து நான் கேட்டதில்லை. மகள் கை தட்டிவிட்டு, இது ஆலயம் என்று நினைவு வந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பனிமலை, பக்கத்து வீட்டுக்குப் போனது. குழாய்க்காக ஜெபித்த அதே சிஸ்டர். எங்கள் ஊர் வெயிலில் வேர்க்குரு வந்து தவித்தவர். செவ்வாய்க் கூட்டங்களில் குளிர்ந்த தேசங்களுக்காக விடாமல் மன்றாடியவர். அன்று மத்தியானமே ஸ்வெட்டர்கள் எங்கள் சுவரைத் தாண்டி அவர் கொடிக்கு மாறின. சிவப்புக் குல்லாவைக் கொடுக்கும்போது, “இது நானே உங்களுக்குக் கொடுத்ததுதான் அக்கா” என்று சிரித்தார்.

ஒரே ஒரு ஸ்வெட்டரை நிறுத்திக்கொண்டோம். ஒடிசா மலையிலும் மார்கழியில் நல்ல குளிர் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. என் கணவர் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “பாத்தியா, ஆண்டவர் என் ஜெபத்தையும் தள்ளலை” என்கிறார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடுவதால் நான் கிளம்பிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. எங்கள் பணித்தளத்தைக் குழு எப்போது முடிவு செய்தது? நான் கொத்தவரங்காய் நறுக்கப் போவதற்கு முன்பே கூடி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், ஒடிசா என்பது அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்று அலுவலகச் சகோதரர் ஒருவர் சொன்னார். இல்லை, ஐயா அன்று மாலைதான் குழுவை மறுபடி கூட்டினார், மீன் குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது என்று அம்மா சொன்னார். இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டேன், “ஜெபிக்கலாமா சிஸ்டர்?” என்றார். கூட்டம் நடந்த நாளை எழுதுவதற்காக ஏப்ரல் தாளில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இதை எழுதும் நாள்வரை அது சரிபார்க்கப்படவில்லை.